பைக்கின் கிளட்ச் எதனால் தேய்கிறது? பல்லடம் தம்பிக்கு ஒரு பதில்

கேட்டதைச் சுருக்கமாக முதலில் எழுதிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் பயன்படட்டும். தம்பி பல்லடத்திலிருந்து திருப்பூருக்குத் தினமும் வேலைக்குப் போகிறவர். 125 சிசி வண்டி. 18,000 கிலோமீட்டரில் கிளட்ச் பிளேட் போய்விட்டது, மாற்ற வேண்டும் என்று பட்டறையில் சொல்லியிருக்கிறார்கள். விடுமுறை நாட்களில் நண்பரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு திம்பம், வால்பாறை என்று கிளம்பிவிடுவாராம். சங்ககிரியில் லாரி ஓட்டிய அப்பா, ‘கிளட்சைத் தொட்டுக்கொண்டே இருக்காதே, சிக்னலில் நியூட்ரல் போடு’ என்கிறார். நண்பரோ, கிளட்ச் பிடிக்காமலே கியர் மாற்றினால் பிளேட் மிச்சம், மலையிறங்கும்போது கிளட்சைப் பிடித்துக்கொண்டால் பெட்ரோல் மிச்சம் என்கிறார். யார் சொல்வது சரி என்பது கேள்வி.

அப்பா சொல்வதில் பெரும்பகுதி சரி, ஆனால் அவர் வைத்திருக்கும் காரணம் லாரிக்கு உரியது. நண்பர் சொல்வது இரண்டுமே தவறு. இரண்டாவது ஆபத்தும்கூட.

18,000 என்பது சீக்கிரம்தான். இந்த வகை வண்டிகளில் 40,000, 50,000 கிலோமீட்டர் தாண்டியும் கம்பெனியில் வந்த பிளேட்டே ஓடிக்கொண்டிருப்பதை எந்த மெக்கானிக்கைக் கேட்டாலும் சொல்வார். ஆகவே ஒன்று உங்கள் கையில் ஏதோ பழக்கம் இருக்கிறது, அல்லது பிளேட் போகவே இல்லை. இரண்டாவதற்குக் கடைசியில் வருகிறேன்.

உள்ளே என்ன இருக்கிறது என்பதைப் பார்த்துவிட்டால் பாதிக் கேள்விகள் தாமாகவே விழுந்துவிடும். பெரும்பாலான வண்டிகளில் எஞ்சினின் வலப்பக்க மூடியைக் கழற்றினால் வட்டமான ஒரு கூடை தெரியும். பட்டறையில் அதை கிளட்ச் ஹவுசிங் என்பார்கள். அது எஞ்சினோடு சேர்ந்து சுற்றுவது. அதற்குள்ளே ஹப், அது கியர் பெட்டியோடு சேர்ந்தது. இரண்டுக்கும் நடுவில் பிளேட்டுகள் மாற்றி மாற்றி அடுக்கப்பட்டிருக்கும்: உராய்வுப் பூச்சு ஒட்டியது ஒன்று, வெறும் எஃகு ஒன்று, மறுபடியும் பூச்சுள்ளது ஒன்று. பூச்சுள்ளவற்றின் ஓரக் காதுகள் கூடையின் பிளவுகளில் மாட்டியிருக்கும், எஃகுத் தட்டுகளின் உட்பற்கள் ஹப்பில் மாட்டியிருக்கும். மேலே பிரஷர் பிளேட்டும் நான்கைந்து ஸ்ப்ரிங்குகளும் இவை அத்தனையையும் அழுத்திப் பிடித்திருக்கும். நீங்கள் லிவரைப் பிடித்தால் அந்த அழுத்தம் விலகும். அடுக்கு முழுவதற்கும் கிடைக்கும் இடைவெளி ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான். எல்லாமே எஞ்சின் ஆயிலில் நனைந்தபடி நடக்கிறது.

ஒரு பிளேட்டைக் கையில் எடுத்துப் பாருங்கள். உங்கள் வண்டி போன்றவற்றில் புதுப் பிளேட் ஏறத்தாழ மூன்று மில்லிமீட்டர் தடிமன். நடுவில் அலுமினியத் தகடு, இரு பக்கமும் சின்னச் சின்னக் கட்டங்களாக ஒட்டிய பழுப்புநிறப் பூச்சு, கட்டங்களுக்கு நடுவே ஆயில் ஓடச் சந்துகள். இந்த மூன்று மில்லிமீட்டரில் சுமார் அரை மில்லிமீட்டர் குறைந்துவிட்டாலே பிளேட்டின் ஆயுள் முடிந்தது. தேய்வதற்கென்று நமக்குக் கொடுத்திருப்பது அவ்வளவுதான்.

இனி கணக்கு எளிது. லிவரை முழுதாக விட்டிருக்கும்போது பிளேட்டுகள் ஒன்றோடொன்று இறுகி ஒரே வேகத்தில் சுற்றுகின்றன. அங்கே உராய்வு இல்லை, தேய்மானமும் இல்லை. முழுதாகப் பிடித்திருக்கும்போது அழுத்தம் இல்லை, நடுவில் ஆயில் படலம் இருக்கிறது. அப்போதும் தேய்மானம் இல்லை என்றே சொல்லலாம். பாதியில் நிற்கும்போதுதான் ஒன்று வேகமாகவும் மற்றொன்று மெதுவாகவும் சுற்றிக்கொண்டு, அழுத்தத்தோடு உரசுகின்றன. எல்லாரும் ஹாஃப் கிளட்ச் என்று சொல்வது இந்த நிலையைத்தான். ஒரு நாளில் நூறு தடவை கிளட்ச் பிடித்தீர்களா, ஆயிரம் தடவை பிடித்தீர்களா என்பது பெரிய விஷயமே இல்லை. ஒவ்வொரு தடவையும் அந்தப் பாதி நிலையில் எத்தனை நொடி தங்கினீர்கள், அப்போது ஆக்சிலேட்டரை எவ்வளவு முறுக்கியிருந்தீர்கள் என்பதே விஷயம்.

தோராயமாக ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். வண்டியும் இரண்டு பேரும் சேர்ந்து 250 கிலோ. சமதரையில் முதல் கியரில் கிளம்பும்போது வண்டி மணிக்கு எட்டு, ஒன்பது கிலோமீட்டர் வேகத்தைத் தொடுவதற்குள் கிளட்ச் முழுதாகக் கவ்விவிடும். அந்த நொடிகளில் பிளேட்டில் சூடாக மாறுவது சுமார் 800 ஜூல். இப்போது அதே வண்டியைப் பத்தடிக்கு ஓரடி உயரும் ஏற்றத்தில், பிரேக் பிடிக்காமல் ஹாஃப் கிளட்சிலேயே அசையாமல் நிறுத்தி வைக்கிறீர்கள். வண்டி நகரவில்லை, எஞ்சின் தரும் சக்தி முழுவதும் பிளேட்டில் சூடாகிறது. எஞ்சின் நிமிடத்துக்கு 1,800 சுற்று சுற்றுகிறது என்று வைத்துக்கொண்டால் அது 400 வாட் வருகிறது. வீட்டு இஸ்திரிப் பெட்டி பெரும்பாலும் 750 வாட் அல்லது 1,000 வாட். அதில் பாதிச் சூட்டை உள்ளங்கை அகலத் தட்டுகளுக்கு நடுவில் வைத்திருக்கிறோம். அரை நிமிடம் அப்படி நின்றால் 12,000 ஜூல். அதாவது சமதரையில் பதினைந்து தடவை கிளம்பியதற்குச் சமம். வண்டி ஓரங்குலம்கூட நகர்ந்திருக்காது.

திம்பத்தில் நடப்பது இதுதான். பண்ணாரியிலிருந்து 27 கொண்டை ஊசி வளைவுகள். மேலே ஏதாவது ஒரு வளைவில் நீளமான லாரி ஒன்று திரும்ப முடியாமல் முன்னும் பின்னும் போய்க்கொண்டிருக்கும், பின்னால் வரிசை நிற்கும். வரிசை இரண்டு அடி நகர்ந்தால் நம்மவர்களும் இரண்டு அடி நகர்வார்கள். காலை ஊன்ற மனமில்லாமல், பிரேக்கையும் தொடாமல், ஆக்சிலேட்டரையும் கிளட்சையும் வைத்தே ஏற்றத்தில் வண்டியைத் தொங்க விட்டிருப்பார்கள். பின்னால் ஒருவர், இரண்டு பக்கமும் பை. பத்து நிமிடம் இப்படிப் போனால் கருகிய வாடை வரும், லிவர் பிடிக்கும் இடம் மாறும். ஊருக்கு வந்து, மலையில் ஓட்டியதால் கிளட்ச் போச்சு என்பார்கள். ஆழியாற்றிலிருந்து வால்பாறைக்கு 40 வளைவு, கொல்லிமலைக்கு 70 வளைவு. அவற்றில் தினமும் ஏறி இறங்கும் எஸ்டேட்காரர்கள் வண்டிகளெல்லாம் கிளட்ச் எரிந்தா கிடக்கின்றன?

ஏற்றத்தில் வரிசை நின்றால் நீங்களும் நின்றுவிடுங்கள். நியூட்ரல், பின் பிரேக்கில் வலது கால், தரையில் இடது கால். முன்னால் நாலைந்து வண்டி நீளத்துக்கு இடம் விழும்வரை அசைய வேண்டாம். பின்னால் ஹாரன் அடிக்கிறவர் அடிக்கட்டும், அவருடைய பிளேட் அவருக்கு. கிளம்பும்போது பின் பிரேக்கைப் பிடித்தபடியே முதல் கியர் போட்டு, ஆக்சிலேட்டரைச் சற்றே கொடுத்து, லிவரை மெதுவாக விடுங்கள். ஓரிடத்தில் எஞ்சின் சத்தம் கனத்து இறங்கும், பின்பக்கம் லேசாக அமுங்கும். அதுதான் பிடிக்கும் இடம். அங்கே பிரேக்கை விட்டுவிட்டு, ஆக்சிலேட்டரைக் கூட்டியபடி ஓரிரு நொடியில் லிவரை முழுதாக விட்டுவிட வேண்டும். பிரேக் பிடித்திருப்பதால் வண்டி பின்னால் உருளும் என்ற பயம் இருக்காது. பயம் இல்லையென்றால் எஞ்சினைக் கத்த விட்டு ஏறவேண்டிய தேவையும் இருக்காது. கூட்டத்தில் கிளம்பும்போது கேட்கும் அந்த ‘வீல்’ என்ற சத்தம் பிளேட்டின் காசு.

நகரத்திலும் இதன் சிறு வடிவம் உண்டு. கோவையில் பல சிக்னல்களை எடுத்துவிட்டு யூ-டர்ன் வைத்திருக்கிறார்கள். திரும்ப இடம் கிடைக்கும்வரை ஊர்ந்துகொண்டே இருக்கிறோம். இங்கே கொஞ்சம் ஹாஃப் கிளட்ச் தவிர்க்க முடியாது, அதற்காக மனம் கலங்கவும் வேண்டாம். ஆயிலில் ஓடும் கிளட்ச் இதற்குத் தாங்கும். ஆர்டிஓ மைதானத்தில் எட்டுப் போடும்போது ஹாஃப் கிளட்சும் பின் பிரேக்குமாகத்தான் போடுகிறோம், அது சரியான முறையும்கூட. லைசென்ஸ் வாங்கிய பிறகும் சிலர் சாலை முழுக்க எட்டுப் போடுகிற கையோடு ஓட்டுகிறார்கள், தொல்லை அங்கே தொடங்குகிறது.

இப்போது அப்பாவின் பேச்சுக்கு வருவோம். சங்ககிரி, நாமக்கல் பக்கம் வண்டி ஓட்டக் கற்றவர்களில் பாதிப்பேர் ஏதோ ஒரு லாரிக்காரரிடம் பாடம் கேட்டவர்களாகத்தான் இருப்பார்கள். லாரியின் கிளட்ச் உலர் கிளட்ச். ஆயில் கிடையாது, பெரிய வட்டத் தட்டு ஒன்று, சூட்டைக் கொண்டுபோகக் காற்றைத் தவிர வேறு ஆள் இல்லை. பெடலில் சும்மா காலை வைத்திருந்தாலே பேரிங் சத்தம் போட ஆரம்பிக்கும், லோடோடு மேட்டில் ஹாஃப் கிளட்ச் பிடித்தால் புகையே வரும். அந்த அனுபவத்தில் பிறந்தது அவர் சொல். பைக்கில் ஆயில் சூட்டை வாங்கிக்கொள்கிறது, ஒன்றுக்குப் பதில் பல பிளேட்டுகள் வேலையைப் பகிர்ந்துகொள்கின்றன. ஆகவே சிக்னலில் கிளட்சை முழுதாகப் பிடித்துக்கொண்டு இருபது நொடி நிற்பதால் பிளேட்டுக்கு ஒன்றும் ஆகிவிடாது.

ஆனாலும் நீண்ட சிக்னலில் நியூட்ரல் போடுங்கள். கேபிள் பெரும்பாலும் லிவரில் மாட்டும் முனையில் உள்ள குமிழருகேதான் இழை இழையாக அறும். கியரில் நிற்கும்போது அறுந்தால் வண்டி முன்னால் பாயும். முன்னால் நடந்து கடப்பவர்கள் இருப்பார்கள். கையும் ஓய்வெடுக்கும். சிக்னலில் நொடி எண் பத்துக்குக் கீழே ஓடிக்கொண்டிருந்தால் முதல் கியரிலேயே நிற்பதில் தவறில்லை.

அப்பா சொன்னதில் உங்களுக்கு மிகவும் தேவையானது ‘தொட்டுக்கொண்டே இருக்காதே’ என்பதுதான். ஓடும்போது இரண்டு விரல்களை லிவர்மேல் சாய்த்து வைத்திருக்கும் பழக்கம் உங்களுக்கு இருக்கிறதா என்று நாளைக்குக் கவனியுங்கள். பலருக்கு இருப்பதே தெரியாது. லிவரின் முனை 10 முதல் 20 மில்லிமீட்டர் வரை சும்மா ஆடவேண்டும் என்று பெரும்பாலான கம்பெனிக் கையேடுகள் சொல்கின்றன. விரலின் எடை அந்த ஆட்டத்தைத் தின்றுவிட்டால், பள்ளம் மேட்டில் கை அசையும்போதெல்லாம் ஸ்ப்ரிங்கின் அழுத்தம் கொஞ்சம் கொஞ்சமாக விலகும். வண்டி நழுவுவதே உங்களுக்குத் தெரியாது, பிளேட்டுக்குத் தெரியும்.

அந்த ஆட்டம் தானாகவும் மாறும், எந்தப் பக்கம் மாறுகிறது என்பதில் செய்தி இருக்கிறது. கேபிள் நீண்டால் ஆட்டம் கூடும். அப்போது லிவரை முழுதாகப் பிடித்தாலும் பிளேட் சரியாக விலகாது, கியர் ‘கடக்’ என்று விழும், நியூட்ரல் கிடைக்காது. பிளேட் தேய்ந்தால் ஆட்டம் குறையும், லிவர் விறைத்து நிற்கும். லிவர் தானாகவே இறுகிக்கொண்டு வருகிறது என்றால், கேபிள் நன்றாக இருக்கிறது என்று மகிழ்வதற்கில்லை. சர்வீஸ் விட்டு வண்டி எடுத்ததும் கைக்குக் கச்சிதமாக இருக்கட்டும் என்று கேபிளை இழுத்து இறுக்கித் தருகிறவர்கள் உண்டு. லிவர் துளியும் ஆடாமல் வண்டியை எடுத்து வந்தால், கிளட்சை எந்நேரமும் சற்றே பிடித்துக்கொண்டு ஓட்டுவதும் அதுவும் ஒன்றுதான்.

மலையிறக்கம். கிளட்சைப் பிடித்தபடி அல்லது நியூட்ரலில் உருட்டிக்கொண்டு இறங்குவதைத் தயவுசெய்து இன்றோடு விட்டுவிடுங்கள். கியரில் இருக்கும்போது ஆக்சிலேட்டரை விட்டால் எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிக்கிறது. கிளட்சைப் பிடித்த கணத்தில் அந்தப் பிடி போய்விடுகிறது, முழு எடையும் பிரேக்கின் தலையில் விழுகிறது. தொடர்ந்து பிடித்த டிரம் பிரேக் சூடேறி, அழுத்தினாலும் பிடிக்காத நிலைக்கு வந்துவிடலாம். ஏறின கியரிலேயே இறங்கு என்று லாரிக்காரர்கள் சொல்வதும், நீலகிரிப் பாதைகளில் இரண்டாவது கியரில் இறங்கச் சொல்லிப் பலகை வைத்திருப்பதும் இதற்காகவே. அப்பாவையே கேட்டுப் பாருங்கள், நியூட்ரலில் இறக்கத்தில் போன லாரிகளின் கதைகள் அவரிடம் நிறைய இருக்கும்.

பெட்ரோல் மிச்சம் என்பதும் பழைய காலத்துக் கணக்கு. 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 விதி வந்தபிறகு விற்கும் வண்டிகளில் பெரும்பாலானவை ஃபியூல் இன்ஜெக்‌ஷன். அவற்றில் பலவும், கியரில் இருந்து ஆக்சிலேட்டரை முழுதாக விட்டு இறங்கும்போது பெட்ரோலையே நிறுத்திவிடும். சக்கரம்தான் எஞ்சினைச் சுற்றுகிறது. கிளட்சைப் பிடித்தால் எஞ்சின் அணையாமல் இருக்கப் பெட்ரோல் குடித்தாக வேண்டும். நண்பர் மிச்சம் பிடிப்பதாக நினைத்துச் செலவு செய்கிறார்.

இறக்கத்தில் கியர் குறைக்கும்போது மட்டும் ஒன்று. மூன்றிலிருந்து இரண்டுக்கு வந்து லிவரைப் பட்டென்று விட்டால், மெதுவாக ஓடும் எஞ்சினைச் சக்கரத்தின் வேகத்துக்கு இழுத்துவிடும் வேலை கிளட்சின் தலையில் விழும். பின்சக்கரம் துள்ளுவதும் அதனால்தான். லிவரை விடுவதற்கு முன் ஆக்சிலேட்டரை ஒரு சிறு முறுக்கு முறுக்கினால் இரண்டு வேகமும் ஏறத்தாழச் சேர்ந்துவிடும், ஒரு வாரத்தில் கை பழகிவிடும். விலை கூடிய வண்டிகளில் இதற்கென்றே ஸ்லிப்பர் கிளட்ச் வருகிறது.

கிளட்ச் பிடிக்காமல் கியர் மாற்றுவதைப் பற்றி. வேகம் பொருந்தினால் கியர் விழும், பந்தயக்காரர்கள் செய்கிறார்கள், எல்லாம் உண்மை. நம் கை பிசகும்போது கியர்ச் சக்கரங்களின் பக்கவாட்டுக் கவ்வுப் பற்களின் முனை மழுங்கும். பிறகு இரண்டாவது கியர் ஓடும்போதே கழன்று நியூட்ரலுக்கு வரும். கிளட்ச் பிளேட் மாற்ற ஒரு பக்க மூடியைக் கழற்றினால் போதும். கியரைத் தொட எஞ்சினைக் கீழே இறக்கி இரண்டாகப் பிரிக்க வேண்டும். பிளேட் தேய்வதற்கென்றே செய்து வைத்த பொருள், அது தேயட்டும்.

கிளட்ச் தேயக்கூடாது என்று நான்காவது கியரிலேயே 25, 30 கிலோமீட்டர் வேகத்தில் திணறத் திணற ஓட்டுவதும் இதே ரகம்தான். எஞ்சின் முட்டும், செயின் சுண்டும், அதைச் சமாளிக்கக் கை தானாக லிவரைப் பாதி பிடிக்கும். மைலேஜுக்காகத் தொடங்கியது ஹாஃப் கிளட்சில் முடியும். கியரைக் குறையுங்கள், அதற்குத்தான் கிளட்ச் இருக்கிறது.

ஆயில் விஷயத்தில் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை, ஆனால் தவறினால் பிளேட் நன்றாக இருந்தும் நழுவும். பைக் ஆயில் டப்பாவில் ஜாசோ எம்ஏ, எம்ஏ2, எம்பி என்று ஒரு தரக்குறி எழுதியிருக்கும். எம்ஏ வகைகள் பிளேட் கவ்வத் தேவையான உராய்வைக் காப்பாற்றுபவை. எம்பி வழவழப்புக் கூடியது, முக்கியமாக ஸ்கூட்டருக்கு. ஒரு சில கியர் வண்டிகளுக்கே கம்பெனி எம்பி குறிப்பிடுவதும் உண்டு, எனவே கையேட்டில் இருப்பதை ஊற்றுங்கள். வீட்டில் கார் ஆயில் அரை லிட்டர் மிச்சம் இருக்கிறதே என்று ஊற்றிவிடாதீர்கள், எரிபொருள் சிக்கனத்துக்காக அதில் சேர்க்கும் வழுக்குப் பொருள் பிளேட்டுக்கு ஆகாது.

லிவரே இல்லாத வண்டிக்காரர்களும் தப்பவில்லை. திருப்பூரில் துணி மூட்டையும், பொள்ளாச்சியில் தேங்காயும் ஏற்றிப் போகும் டிவிஎஸ் எக்ஸெல்லில் இருப்பது சுழல் வேகத்தில் தானாகக் கவ்வும் கிளட்ச். மேட்டில் பிரேக் பிடிக்காமல் ஆக்சிலேட்டரால் மட்டும் வண்டியை நிறுத்தி வைத்தால் அங்கேயும் ஹாஃப் கிளட்ச்தான். ஸ்கூட்டருக்கும் அப்படியே.

இனி உங்கள் வண்டி. பிளேட் மாற்றச் சம்மதிப்பதற்கு முன் லிவர் ஆட்டத்தைப் பாருங்கள். ஆட்டமே இல்லையென்றால் அட்ஜஸ்டரைத் தளர்த்தி, 10 மில்லிமீட்டராவது ஆடும்படி வைத்து, ஆள் நடமாட்டமில்லாத நேரான சாலையில் கடைசி கியரில் 40 கிலோமீட்டர் வேகத்தில் போய் ஆக்சிலேட்டரை முழுதாகத் திருகுங்கள். எஞ்சின் சத்தம் மட்டும் எகிறி, வேகம் அதற்கேற்ப ஏறவில்லை என்றால் பிளேட் நழுவுகிறது. சத்தமும் வேகமும் சேர்ந்தே ஏறினால் பிளேட் பிடிக்கிறது. அப்போது பிக்கப் குறைவோ, உதறலோ இருந்தால் அதற்குக் காரணம் வேறாக இருக்கலாம். செயின் தொய்ந்திருந்தாலும் கிளம்பும்போது வெட்டி இழுக்கும், கிளட்ச் என்றே தோன்றும்.

நழுவுவது உறுதியானால் மாற்றிவிடுங்கள், தள்ளிப்போட வேண்டாம். தேய்ந்த பூச்சின் தூள் ஆயிலோடு எஞ்சின் முழுக்கச் சுற்றும். மாற்றும்போது பக்கத்தில் நில்லுங்கள். எஃகுத் தட்டில் நீலம் பாய்ந்திருந்தால் சூட்டில் வெந்தது, அதையும் சேர்த்து மாற்றுங்கள். கண்ணாடிமேல் வைத்துப் பார்த்து, வளைந்திருந்தாலும் மாற்றுங்கள். ஸ்ப்ரிங்குகளை ஒன்றிரண்டாக இல்லாமல் மொத்தமாக மாற்றச் சொல்லுங்கள். கூடையின் பிளவுகளில் விரல் நகத்தை ஓட்டிப் பாருங்கள். பிளேட்டின் காதுகள் அடித்துப் படிப்படியாகப் பள்ளம் விழுந்திருந்தால், புதுப் பிளேட் போட்டாலும் அந்தப் பள்ளங்களில் சிக்கிச் சிக்கித்தான் விலகும். புதுப் பிளேட்டுகளைப் போடுவதற்கு முன் எஞ்சின் ஆயிலில் ஊறவைக்கச் சொல்லுங்கள், உலர்ந்த பிளேட்டை அப்படியே மாட்டி ஓட்டினால் தொடக்கத்திலேயே கருகக்கூடும். பழைய பிளேட்டுகளைக் கேட்டு வாங்கிக்கொண்டு வாருங்கள். பூச்சின் சந்துகள் இன்னும் ஆழமாகத் தெரிந்து, புதிய பிளேட்டோடு சேர்த்துப் பிடித்தால் தடிமனில் வித்தியாசமே தெரியாமல், கருகிய அடையாளமும் இல்லாமல் இருந்தால், உங்கள் கையில் குறை இல்லை. அடுத்த சர்வீஸுக்கு வேறு பட்டறை பாருங்கள்.